ஆரஞ்சுப் பூனைக்குக் கறுப்புக் குட்டி பிறக்குமா?

நிலாமுற்றம் எழுதியது:

வணக்கம். பூனை நிறம் பற்றி விவரம் தெரிந்தவர்கள் யாராவது சீக்கிரம் பதில் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும், ஏனென்றால் இது ஒரு குட்டி யாரிடம் பால் குடிக்க வேண்டும் என்கிற விஷயம்.

என் பூனை பெயர் செம்பி. உச்சந்தலையிலிருந்து வால் நுனி வரை ஆரஞ்சு, நெற்றியில் வரி, வாலில் வளையம், வயிற்றில் மட்டும் கொஞ்சம் வெளிறியிருக்கும். வெள்ளை ஒரு பொட்டுக்கூடக் கிடையாது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி அலமாரியின் கீழ்த்தட்டில் குட்டி போட்டாள். பக்கத்தில் போனாலே சீறினாள், அதனால் நான் சரியாக எண்ணக்கூட இல்லை, நான்கு தலை தெரிந்த மாதிரி இருந்தது. அதற்கப்புறம் பத்து நாளில் இரண்டு முறை இடம் மாற்றிவிட்டாள், ஒவ்வொன்றாகக் கழுத்தைக் கவ்விக்கொண்டு. இப்போது மாடிப்படிக்குக் கீழே இருக்கிறாள். அங்கே எண்ணினால் ஐந்து குட்டிகள்!

இரண்டு ஆரஞ்சு. ஒன்று வெளிறிய சந்தன நிறம். ஒன்று கறுப்பும் ஆரஞ்சும் இழை இழையாகப் பின்னின மாதிரி. ஐந்தாவது கன்னங்கரேலென்று கறுப்பு.

அப்பன் யார் என்றால், மதில்மேல் வந்து உட்காரும் ஒரு கறுப்புக் கடுவன். என் கண்ணால் பார்த்தேன். வேறு கடுவன் வந்ததா என்று தெரியாது. சிக்கல் என்னவென்றால் அதே வாரத்தில் பக்கத்து வீட்டுக் கறுப்புப் பூனையும் அவர்கள் கொட்டகையில் குட்டி போட்டிருக்கிறது. அந்த வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, "இந்தக் கறுப்பு எங்கள் பூனையின் குட்டி, உன் பூனை தூக்கிக்கொண்டு வந்துவிட்டது, நிறத்தைப் பார்த்தாலே தெரியவில்லையா" என்கிறார். அவர் சொல்வது உண்மையானால் குட்டியைத் தாயிடம் சேர்ப்பதுதான் நியாயம். ஆனால் செம்பிதான் தாய் என்றால், இவளிடமிருந்து பிடுங்கிக் கொடுத்த பாவம் எனக்கு வேண்டாம். நிறத்தை வைத்து இதைச் சொல்ல முடியுமா? அந்தச் சந்தன நிறம் எங்கிருந்து வந்தது? அம்மாவும் அப்பனும் அந்த நிறத்தில் இல்லையே.


ஈரக்காற்று எழுதியது:

இதில் குழம்ப ஒன்றும் இல்லை. அம்மா ஆரஞ்சு, அப்பன் கறுப்பு, இரண்டும் கலந்து குட்டிகள் எல்லா நிறத்திலும் வரும். என்னிடம் ஒரு சாம்பல் பூனை இருந்தது, அது இரண்டு முறை கறுப்புக் குட்டி போட்டது. தவிர, ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு வேறு வேறு அப்பன் இருக்கலாம். பெட்டை பருவத்தில் இருக்கும்போது இரண்டு மூன்று கடுவன்களோடு சேரும், சேர்ந்த பிறகுதான் கருமுட்டையே வெளியே வரும். ஆக அந்தக் கறுப்புக் குட்டிக்கு அப்பன் வேறு என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாகிவிடும். குட்டி பால் குடிக்கிறது, தாய் நக்கிவிடுகிறது, அப்படியே விட்டுவிடுங்கள்.


மரபுக்கயிறு எழுதியது:

ஈரக்காற்று சொன்னதில் பல அப்பன் விஷயம் உண்மை. ஆனால் இந்தக் குட்டிக்கு அது உதவாது, ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள், பள்ளியில் உயிரியல் நடத்துகிறவன், இந்தப் பாடத்துக்கு நான் எப்போதும் பூனையைத்தான் உதாரணமாக எடுப்பேன்.

முதலில், நிறங்கள் பெயின்ட் மாதிரி கலப்பதில்லை. பூனையின் மயிரில் மொத்தமே இரண்டு நிறமிகள்தான். ஒன்று கறுப்பு, யூமெலனின். இன்னொன்று செம்மஞ்சள், ஃபியோமெலனின். சாம்பல், சாக்லெட், சந்தனம் என்று நீங்கள் பார்க்கிற அத்தனையும் இந்த இரண்டில் ஒன்று அடர்த்தியாகவோ நீர்த்தோ தெரிவதுதான், வெள்ளை என்பது நிறமி போய்ச் சேராத இடம்.

எந்த நிறமி என்று முடிவு செய்கிற மரபணுக்களில் பெரிய கை, ஆரஞ்சு மரபணு. அது உட்கார்ந்திருப்பது எக்ஸ் குரோமோசோமில். பூனைக்கு 38 குரோமோசோம்கள், 19 ஜோடி, அதில் ஒரு ஜோடி பாலினத்தைத் தீர்மானிப்பது. நம்மைப் போலவே பெட்டைக்கு இரண்டு எக்ஸ், கடுவனுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். ஆண் குட்டி அப்பனிடமிருந்து ஒய்யை வாங்கிக்கொள்கிறது, அதன் ஒரே எக்ஸ் அம்மா கொடுத்தது. அதனால் ஆண் குட்டி ஆரஞ்சா கறுப்பா என்பதில் அப்பனுக்குப் பேச்சே கிடையாது. தாயைப் போல பிள்ளை என்று சொல்வதை இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது செம்பிக்கு வாருங்கள். முழு ஆரஞ்சுப் பெட்டை என்றால் இரண்டு எக்ஸிலும் ஆரஞ்சு. அவள் எதைக் கொடுத்தாலும் ஆரஞ்சைத்தான் கொடுக்க முடியும். ஆண் குட்டிகள் எல்லாம் ஆரஞ்சு வகையாகத்தான் இருக்க வேண்டும். பெண் குட்டிகளுக்கு அம்மாவிடமிருந்து ஓர் ஆரஞ்சு எக்ஸ், கறுப்பு அப்பனிடமிருந்து ஒரு கறுப்பு எக்ஸ், ஆகவே இரண்டும் கலந்த தோற்றம், அந்த இழை இழையான குட்டி மாதிரி. பூனை வளர்ப்பவர்கள் டார்ட்டி என்பார்கள். அப்பனை எத்தனை முறை மாற்றிப் போட்டாலும் அம்மாவின் ஆரஞ்சு எக்ஸ் எல்லாக் குட்டியிலும் இருந்தே தீரும். வேறு அப்பன் என்பது உதவாது என்று சொன்னது இதனால்தான்.

அப்படியென்றால் அந்தக் கறுப்புக் குட்டி செம்பியுடையது இல்லை என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வது சரிதானே என்று தோன்றும். அவசரப்படாதீர்கள், ஒரு வழி இருக்கிறது.

பெட்டையின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் இருந்தாலும் வேலை செய்வது ஒன்றுதான். கரு மிகச் சின்னதாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் ஏதோ ஓர் எக்ஸைச் சுருட்டி மூலையில் வைத்துவிடுகிறது. எதை என்பது குலுக்கல்தான். ஆனால் ஒரு முறை முடிவு செய்துவிட்டால் அந்தச் செல்லிலிருந்து பிரிந்து வரும் பிள்ளைச் செல்கள், பேரச் செல்கள் எல்லாம் அதே முடிவில் நிற்கும். 1949-இல் முர்ரே பார் என்பவர் கனடாவில் பூனைகளின் நரம்பு செல்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது, பெட்டைகளின் செல்லில் மட்டும் ஒரு சின்னக் கரும்புள்ளி இருப்பதைக் கவனித்தார். சுருட்டி வைத்த எக்ஸ்தான் அது. 1961-இல் இங்கிலாந்தில் மேரி லயன், எலிகளின் நிறத்தை வைத்து, செல்லுக்கு ஓர் எக்ஸ் மூடப்படுகிறது என்ற விளக்கத்தைச் சொன்னார். டார்ட்டிப் பூனையின் முதுகில் தெரிகிற ஒவ்வோர் ஆரஞ்சு இழையும் கறுப்பு எக்ஸை மூடிய ஒரு செல்லின் வம்சம். கறுப்பு இழை, ஆரஞ்சு எக்ஸை மூடியதின் வம்சம். தோல்மேல் வரைந்த குடும்ப வரைபடம் அது, பல வருடமாக நடத்தியும் எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

குலுக்கல் என்பதால் பாதிக்குப் பாதி விழ வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சில டார்ட்டிகளுக்கு ஏறக்குறைய முழுக்கக் கறுப்பே விழும், ஆரஞ்சு எங்கேயோ நான்கு மயிரில் மட்டும் இருக்கும். உங்கள் கறுப்புக் குட்டி பெண் என்றால் அது இப்படிப்பட்ட ஒளிந்த டார்ட்டியாக இருக்கலாம். ஆண் என்றால் செம்பியுடையதாக இருக்க வாய்ப்பு அநேகமாக இல்லை, செம்பியே எங்காவது கொஞ்சம் கறுப்பை ஒளித்து வைத்திருக்கும் டார்ட்டியாக இருந்தால் ஒழிய. ஆகவே முதலில் குட்டி ஆணா பெண்ணா என்று பாருங்கள். வாலைத் தூக்கினால் இரண்டு துளை தெரியும். பெண்ணில் இரண்டும் நெருக்கமாக இருக்கும், கீழே இருப்பது சின்னக் கோடு மாதிரி. ஆணில் நடுவே நல்ல இடைவெளி இருக்கும், கீழே இருப்பது வட்டப் புள்ளி. ஆரஞ்சுக் குட்டியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் சுலபம்.

சந்தன நிறத்துக்கு வேறு காரணம். அது நீர்த்த ஆரஞ்சு. மெலனோஃபிலின் என்ற புரதத்துக்கான மரபணுவில் ஓர் எழுத்து விடுபட்டால், நிறமித் துகள்கள் மயிருக்குள் சீராகப் பரவாமல் திட்டுத்திட்டாகக் குவிந்துவிடும். கண்ணுக்கு நிறம் வெளிறித் தெரியும். கறுப்பு இப்படி நீர்த்தால் சாம்பல், ஆரஞ்சு நீர்த்தால் சந்தனம். இது ஒடுங்கு பண்பு, அம்மா ஒன்று அப்பன் ஒன்று என்று இரண்டு பிரதி சேர்ந்தால்தான் வெளியே தெரியும். செம்பியும் அந்தக் கடுவனும் ஆளுக்கு ஒரு பிரதியை மறைவாகச் சுமக்கிறார்கள், குட்டிக்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. ஈரக்காற்றின் சாம்பல் பூனை கறுப்புக் குட்டி போட்டதும் இதே கணக்குத்தான், அப்பன் நீர்க்காத பிரதியைக் கொடுத்திருக்கிறது.


நிலாமுற்றம் எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. இரண்டு முறை படித்தேன், புரிந்தது. பார்த்துவிட்டேன், பெண் குட்டிதான்! ஆரஞ்சு இரண்டும் சந்தனமும் ஆண், இழைக்குட்டி பெண், கறுப்பு பெண். நீங்கள் சொன்ன கணக்கு அப்படியே இருக்கிறது.

ஆனால் ஆரஞ்சு மயிர் கிடைக்கவில்லை. செல்போன் டார்ச் அடித்து முதுகு, வயிறு, வால் எல்லாம் தேடினேன். கறுப்பு, கறுப்பு, கறுப்பு. செம்பியையும் தடவித் தடவிப் பார்த்தேன், ஒரு கறுப்பு மயிர் இல்லை. மனசு கொஞ்சம் சோர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா சாயங்காலம் வந்து குட்டியைக் கேட்பார்.


சாளரத்துப்பூனை எழுதியது:

நிலாமுற்றம், ஒரு நாள் பொறுங்கள், கொடுத்துவிடாதீர்கள். அனாதைக் குட்டிகளை எடுத்து வளர்த்து வீடு தேடிக் கொடுக்கிற வேலையைப் பல வருடமாகச் செய்கிறேன், கறுப்பு என்று எழுதி வைத்த குட்டிகள் டார்ட்டியாக முடிந்ததை நானே இரண்டு மூன்று முறை பார்த்திருக்கிறேன்.

டார்ச் வேண்டாம். டார்ச் வெளிச்சத்தில் கறுப்பு மயிரே பளபளத்து ஏமாற்றும். காலை வெயில் விழுகிற சன்னலோரம் கொண்டு போங்கள். முதலில் மயிரைத் தேடாதீர்கள், பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். ஆரஞ்சுப் பூனைக்குப் பாதத்தின் மெத்தை இளஞ்சிவப்பு, கறுப்புப் பூனைக்குக் கறுப்பு. டார்ட்டிக்கு இரண்டும் கலந்து இருக்கும், சில சமயம் எல்லா மெத்தையிலும் தேடினால் ஒன்றே ஒன்றில் பாதி மட்டும் சிவப்பாக இருக்கும். அந்த மெத்தைக்குப் பக்கத்தில் விரலிடுக்கில் பிரித்துப் பாருங்கள். அப்புறம் தாடைக்கு அடியில், அக்குளில், காது மடலின் உள் ஓரத்தில், வாலுக்கு அடியில். மயிரை எதிர்ப்பக்கமாக ஊதிப் பாருங்கள், வேர் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. சில கறுப்புக் குட்டிகளுக்கு நுனி மயிர் பழுப்பாகவோ வெளிறியோ இருக்கும், அதை ஆரஞ்சு என்று நினைத்துவிடாதீர்கள். தாய் சினையாக இருந்தபோது காய்ச்சல் கண்டிருந்தால் குட்டிகள் சாம்பல் பூசினது போலப் பிறக்கும், சில மாதத்தில் அது உதிர்ந்து சொந்த நிறம் வந்துவிடும். வளர்ந்த கறுப்புப் பூனைகூட வெயிலில் கிடந்து கிடந்து செம்பழுப்பாகும். உண்மையான ஆரஞ்சு மயிர் அடியிலிருந்து நுனி வரை ஆரஞ்சாக இருக்கும். பக்கத்தில் செம்பியின் மயிரை வைத்து ஒப்பிடுங்கள்.

குட்டியை அதிக நேரம் தாயிடமிருந்து பிரித்து வைக்க வேண்டாம், இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டுத் திருப்பி விடுங்கள்.


நிலாமுற்றம் எழுதியது:

கிடைத்துவிட்டது! கை நடுங்குகிறது, தட்டச்சுப் பிழை இருந்தால் மன்னியுங்கள்.

இன்று காலை சன்னலில் வைத்து ஒவ்வொரு பாதமாகத் திருப்பினேன். முன்கால் இரண்டும் கறுப்பு. பின் வலது கறுப்பு. பின் இடதில் சுண்டு விரல் மெத்தை பாதிக்குமேல் இளஞ்சிவப்பு, நடுவில் ஒரு கோடு கிழித்தது போலக் கறுப்பு முடிகிறது, சிவப்பு தொடங்குகிறது. அதற்கு மேலே விரலிடுக்கைப் பிரித்தால் ஏழெட்டு மயிர், செம்பியின் வால் நிறத்திலேயே, வேர் முதல் நுனி வரை ஆரஞ்சு. தாடைக்கு அடியிலும் ஒரு கடுகளவு. மூன்று வாரமாகத் தினமும் தூக்கிய குட்டி, என் கண்ணில் படவே இல்லை. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன், கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார், பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் குட்டியின் பாதத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.


மரபுக்கயிறு எழுதியது:

மிகுந்த மகிழ்ச்சி. சாளரத்துப்பூனை சொன்ன பாத மெத்தை வழி அருமை, அடுத்த வருடம் வகுப்பில் சொல்லப் போகிறேன்.

ஆனால் ஒரு ஓட்டையை நானே சொல்லிவிட வேண்டும். ஆரஞ்சு மயிர் இருப்பதால் அந்தக் குட்டிக்கு ஓர் ஆரஞ்சு எக்ஸ் இருக்கிறது என்பது உறுதி. அது செம்பி கொடுத்ததாக இருக்கலாம். பக்கத்து வீட்டுக் கறுப்புப் பூனை ஓர் ஆரஞ்சுக் கடுவனோடு சேர்ந்திருந்தால் அதற்கும் இப்படி ஒரு பெண் குட்டி பிறக்கலாம், அப்போது ஆரஞ்சு எக்ஸ் அப்பன் கொடுத்ததாகிவிடும். உங்கள் பக்கம் ஆரஞ்சுக் கடுவன் யாராவது உலாவுகிறதா? நூறு சதவீதம் உறுதி வேண்டுமென்றால் கன்னத்தின் உட்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுத்து டிஎன்ஏ பரிசோதனைக்கு அனுப்புவதுதான் வழி.


பரணியோரம் எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். இரண்டு கேள்வி. என் வீட்டில் வெள்ளை, கறுப்பு, ஆரஞ்சு மூன்றும் உள்ள பூனை இருக்கிறது, இழை இழையாக இல்லாமல் பெரிய பெரிய திட்டாக, ஒட்டுப்போட்ட துணி மாதிரி. இதுவும் டார்ட்டிதானா? மூவண்ணத்தில் கடுவன் பிறந்தால் வைத்துக் குட்டி எடுக்கலாம், அதன் குட்டியெல்லாம் மூவண்ணமாக வரும் என்று ஒருவர் சொன்னார், உண்மையா? அப்புறம், வரி இல்லாத ஆரஞ்சுப் பூனையை நான் பார்த்ததே இல்லை, கறுப்பில் மட்டும் வரியே இல்லாதது நிறைய இருக்கிறது, ஏன்?


மரபுக்கயிறு எழுதியது:

ஆம், அதுவும் டார்ட்டிதான், கூடவே வெள்ளைத் திட்டு மரபணு ஒன்று சேர்ந்திருக்கிறது. வளர்ப்போர் வழக்கில் காலிகோ. வெள்ளை வந்தால் மற்ற இரண்டும் ஏன் பெரிய திட்டாகிறது என்றால், நிறமி செல்கள் பிறக்கிற இடம் கருவின் முதுகுத்தண்டுப் பக்கம். அங்கிருந்து அவை இடம்பெயர்ந்து வயிறு, கால், முகம் என்று போய்ச் சேர வேண்டும். வெள்ளைத் திட்டு மரபணு, கிட் என்ற மரபணுவில் ஒரு பழைய வைரஸின் துண்டு செருகிக்கொண்டதால் வந்தது, அது இருந்தால் இந்தப் பயணம் தடைப்படுகிறது. கடைசியாகச் சேர வேண்டிய வயிறும் பாதமும் நெஞ்சும் வெள்ளையாக நின்றுவிடுகின்றன. புறப்பட்ட சில செல்களே அகலமாகப் பரவி இடத்தை நிரப்ப வேண்டியிருப்பதால் ஒரே வம்சத்துச் செல்கள் ஒரே திட்டாகத் தெரிகின்றன. வெள்ளை இல்லாத டார்ட்டியில் நிறைய வம்சங்கள் நெருக்கியடித்துக்கொண்டு பின்னிப் போகின்றன.

மூவண்ணக் கடுவன் என்றால் பெரும்பாலும் அதற்கு இரண்டு எக்ஸும் ஒரு ஒய்யும் இருக்கிறது என்று அர்த்தம், 38-க்குப் பதில் 39 குரோமோசோம். மூவண்ணப் பூனைகளில் சுமார் 3,000-க்கு ஒன்றுதான் கடுவன் என்று பொதுவாகச் சொல்வார்கள். அவை கிட்டத்தட்ட எல்லாமே மலடு. குட்டி எடுக்கிற ஆசையில் யாராவது அதற்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அபூர்வமாக இரண்டு கருக்கள் ஒன்றாக ஒட்டி வளர்ந்து ஒரே பூனையாகப் பிறப்பதும் உண்டு, அப்படிப்பட்டதற்குக் குட்டி பிறக்கலாம், ஆனாலும் மூவண்ணம் அதன் ஆண் குட்டிக்குப் போகாது.

பெட்டையை அப்படியே நகலெடுத்தால்கூட மூவண்ணம் வராமல் போகலாம் என்பதற்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. 2001 டிசம்பர் 22 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் உலகின் முதல் குளோன் பூனை பிறந்தது, பெயர் சிசி. ரெயின்போ என்ற மூவண்ணப் பூனையின் செல்லிலிருந்து எடுத்தது. சிசியின் உடம்பில் ஆரஞ்சே இல்லை, வரியோடு கறுப்புப் பழுப்பும் வெள்ளையும்தான். எடுத்த அந்த ஒரு செல்லில் ஆரஞ்சு எக்ஸ் ஏற்கெனவே மூடியிருந்தது, குட்டி முழுக்க அதன் வம்சமாகவே வளர்ந்துவிட்டது. வெள்ளைத் திட்டுகளின் இடமும் அச்சாக ஒத்துப்போகவில்லை. சிசி 18 வயது வரை வாழ்ந்து 2020-இல் இறந்தது.

வரி பற்றிய கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. வரி எல்லாப் பூனைக்கும் அடியில் உண்டு. அகூட்டி என்ற மரபணு வரிகளுக்கு நடுவில் இருக்கும் மயிர்களில் கறுப்பையும் மஞ்சளையும் மாற்றி மாற்றிப் பூசி வெளிறச் செய்கிறது, அதனால் வரி எடுப்பாகத் தெரிகிறது. அந்த மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதானால் எல்லா மயிரும் கறுப்பாகி வரி மூழ்கிவிடும். உங்களுக்குத் தெரிகிற வரியில்லாத கறுப்புப் பூனை இதுதான், குட்டியாக இருக்கும்போது வெயிலில் சாய்த்துப் பார்த்தால் நிழல் மாதிரி வரி தெரியும். ஆரஞ்சுப் பூனையில் அந்தப் பழுது வெளியே தெரிவதில்லை, முழுக்கக் கறுப்பாக்க அங்கே கறுப்பு நிறமியே இல்லையே. அதனால் ஆரஞ்சில் வரி நின்றுவிடுகிறது.

இந்த ஆரஞ்சு எக்ஸில் இருக்கிறது என்பது 100 வருடத்துக்கும் மேலாகத் தெரிந்த விஷயம், ஆனால் எக்ஸில் சரியாக எந்த இடம் என்பது மிகச் சமீபம் வரை பிடிபடவில்லை. ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் ஒரு குழுவும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஒரு குழுவும் தனித்தனியாகத் தேடி ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள், 2025 மே மாதம் இரண்டு ஆய்வும் வெளியாயின. ஏஆர்எச்ஜிஏபி36 என்ற மரபணுவுக்குள் சுமார் 5,000 டிஎன்ஏ எழுத்துகள் காணாமல் போயிருக்கின்றன. புரதத்துக்கான குறிப்பு முழுசாகத்தான் இருக்கிறது, மரபணுவை அடக்கி வைக்கும் பகுதி போய்விட்டது. வழக்கமாக நிறமி செல்லில் தூங்கிக்கொண்டிருக்க வேண்டிய அது விழித்துக்கொண்டு, கறுப்பு செய்யும் வேலையை நிறுத்தி ஆரஞ்சுக்குத் திருப்பிவிடுகிறது.


ஈரக்காற்று எழுதியது:

நான் முதலில் எழுதியது தப்பு என்று ஒப்புக்கொள்கிறேன், கலக்கும் என்று இத்தனை வருடமும் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு சந்தேகம் ஐயா. ஆரஞ்சுப் பூனை என்றாலே கடுவன்தான் என்று சொல்கிறார்களே, செம்பி பெட்டையாயிற்றே?


மரபுக்கயிறு எழுதியது:

கடுவன்தான் என்பது மிகை, பெரும்பாலும் கடுவன் என்பது சரி. கணக்கு போட்டுப் பார்ப்போம். ஓர் ஊர்ப் பூனைகளின் எக்ஸ்களில் நாலில் ஒன்று ஆரஞ்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். கடுவனுக்கு ஓர் எக்ஸ் போதும், ஆகவே நாலில் ஒரு கடுவன் ஆரஞ்சு. பெட்டைக்கு இரண்டும் ஆரஞ்சாக விழ வேண்டும், நாலில் ஒன்றில் மறுபடி நாலில் ஒன்று, பதினாறில் ஒரு பெட்டை. ஆக ஐந்து ஆரஞ்சுப் பூனைகளைப் பார்த்தால் அதில் நான்கு கடுவன், ஒன்று பெட்டை. செம்பி அந்த ஐந்தாவது. அவளுடைய அப்பன் கண்டிப்பாக ஆரஞ்சு, அம்மா ஆரஞ்சு அல்லது டார்ட்டி.


நிலாமுற்றம் எழுதியது:

நான்கு நாள் கழித்து வருகிறேன், சொல்ல ஒரு பெரிய விஷயம் இருக்கிறது.

ஐயா கேட்ட அந்த ஆரஞ்சுக் கடுவன் கேள்வி மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. நான் பார்த்தவரை இங்கே ஆரஞ்சுக் கடுவன் எதுவும் வந்ததில்லை, அக்காவும் பார்த்ததில்லை என்றார். அப்படியே பேச்சுவாக்கில், "எங்கள் கொட்டகையிலும் ஓர் ஆரஞ்சுக் குட்டி இருக்கிறதே, அது மட்டும் எப்படி" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போய்ப் பார்த்தேன். கறுப்புத் தாய், அவளிடம் மூன்று குட்டிகள், இரண்டு கறுப்பு, ஒன்று ஆரஞ்சு. ஆரஞ்சுக் குட்டியை எடுத்து வாலைத் தூக்கினேன், நடுவில் இடைவெளி, வட்டப் புள்ளி. ஆண்.

ஆண் குட்டியின் ஒரே எக்ஸ் அம்மா கொடுத்தது என்று ஐயா எழுதியதை அக்காவுக்கு அங்கேயே சொன்னேன். கறுப்பு அம்மாவிடம் ஆரஞ்சு எக்ஸ் கிடையாது, அப்பன் ஆரஞ்சாகவே இருந்தாலும் மகனுக்கு அது போகாது. அந்தத் தாயின் பாத மெத்தை ஒவ்வொன்றையும் வெயிலில் பார்த்தோம், எல்லாம் கறுப்பு. தாடை, அக்குள், காது எங்கும் ஒரு ஆரஞ்சு மயிர் இல்லை. அப்படியென்றால் அந்த ஆரஞ்சுக் குட்டி செம்பியின் பிள்ளைதானே? அலமாரியிலிருந்து முதல் முறை இடம் மாறியபோது செம்பி கொண்டு போனது கொட்டகை ஓரமாகத்தான். அங்கே ஒன்றை விட்டுவிட்டு வந்திருக்கிறாள், அந்தத் தாய் எடுத்து வளர்த்திருக்கிறாள். செம்பி போட்டது ஆறு.

திரும்ப எடுத்து வருவதா என்று கேட்கத்தான் எழுத வந்தேன்.


மரபுக்கயிறு எழுதியது:

நீங்கள் சொன்ன தர்க்கத்தில் எனக்கு ஓட்டை எதுவும் தெரியவில்லை. அந்தக் கறுப்புத் தாய் எல்லா மெத்தையும் கறுப்பாக வைத்துக்கொண்டு ஒளிந்த டார்ட்டியாக இருப்பதற்குக் கொஞ்சமே கொஞ்சம் வாய்ப்பு உண்டு, ஆனால் நீங்கள் சொல்கிற இடமாற்றத்தையும் சேர்த்துப் பார்த்தால் செம்பியின் குட்டி என்றுதான் நானும் சொல்வேன்.


சாளரத்துப்பூனை எழுதியது:

எடுக்காதீர்கள். அவன் அங்கே நன்றாகப் பால் குடிக்கிறானா, எடை ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். மூன்றே குட்டி என்பதால் அங்கே அவனுக்குப் பால் தாராளமாகக் கிடைக்கும், இங்கே ஆறாவதாக வந்தால் மல்லுக்கட்ட வேண்டும். அந்தத் தாயும் அவனைத் தன் குட்டியாகத்தான் மோந்து வைத்திருக்கிறாள். பால் மறந்த பிறகு நீங்களும் அக்காவும் பேசி முடிவு செய்துகொள்ளலாம்.


நிலாமுற்றம் எழுதியது:

சரி, அப்படியே விட்டுவிட்டேன். இன்று காலை சமையல் தராசைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய் நிறுத்துப் பார்த்தோம். எங்கள் வீட்டு ஆரஞ்சு இரண்டையும்விட அவன்தான் எடை கூடுதல்.